துளைக்குள் நுழைந்தால் ஒன்று

டொராய்டு என்ற வளையக் காயில் பற்றி வந்த கேள்விகள் கட்டாகச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுக்க முழுக்க வளையம்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். அதுவரை பேட்டரியும் பொறுக்கும்.

கேள்வி: காயில் சுற்ற மெஷின் இருக்கும்போது கையால் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?
— ஐ.டி.ஐ. மாணவர், விருதுநகர்

பதில்: ஃபேன் காயில் சுற்றும் மெஷினை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். அதில் ஃபார்மரை அச்சில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால் கம்பி தானாக ஏறிவிடும். வளையத்திடம் அந்தப் பருப்பு வேகாது. கம்பி ஒவ்வொரு தடவையும் துளைக்குள் புகுந்து வெளியே வந்தாக வேண்டும். டொராய்டுக்கென்றே உள்ள மெஷினில் ஒரு வளைய ஷட்டில் இருக்கும். அதைத் திறந்து, கோரின் துளை வழியாகக் கோத்து மூடி, வேண்டிய கம்பி முழுவதையும் முதலில் ஷட்டிலில் ஏற்றி, பிறகுதான் அங்கிருந்து கோருக்கு இறக்குவார்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அது நியாயம். உங்களிடம் இருப்பது அரை அங்குல வளையம், போட வேண்டியது முப்பது சுற்று. மெஷினைத் திறந்து மூடுவதற்குள் கையால் சுற்றி, ஈயம் வைத்து, டீயும் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நூறு சுற்றுக்கு மேல் போனால் மட்டும் ஐஸ் குச்சி ஒன்றை மெலிதாகச் சீவி, இரு முனையிலும் ‘வி’ வெட்டு போட்டு, கம்பியை அதில் ஏற்றிக்கொண்டு குச்சியைத் துளைக்குள் நுழைத்து எடுங்கள். கம்பி முறுக்கி முடிச்சு விழாது. உங்கள் வாயிலிருந்தும் வேண்டாத வார்த்தை விழாது.

கேள்வி: ரேடியோ சர்க்யூட்டில் 32 சுற்று என்று போட்டிருக்கிறது. ஒன்று குறைந்தால் குடியா முழுகிவிடும்?
— கோவில்பட்டி

பதில்: குடி முழுகாது. அலைவரிசைதான் நகர்ந்துவிடும். டி50-2 என்ற சிவப்பு வளையத்தில் 32 சுற்று போட்டால் ஏறக்குறைய 5 மைக்ரோஹென்றி வரும். காயிலின் இண்டக்டன்ஸ் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒத்திசைவு அதிர்வெண் இண்டக்டன்ஸின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகப் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 32-ல் ஒரு சுற்று தவறினால் அதிர்வெண் சுமார் 3 சதவீதம் தள்ளிப்போகும். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 220 கிலோஹெர்ட்ஸ். இந்தியாவில் ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, அந்த இடத்தில் ஒதுக்கப்பட்டிருப்பதோ 7.0 முதல் 7.2 வரை, மொத்தமே 200 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஒரு சுற்றில் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். டிரிம்மரைத் திருகி இழுத்து வரலாம். டிரிம்மர் அவ்வளவு தூரம் வருமா என்பது வேறு விஷயம்.

பெரும்பாலோர் சறுக்குவது கைத்திறமையில் அல்ல, எண்ணுவதில். கம்பி துளைக்குள் ஒரு முறை புகுந்தால் ஒரு சுற்று. வளையத்தைச் சுற்றி வெளியே வந்து திரும்ப வேண்டும் என்ற கட்டாயமே இல்லை; நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்தாலும் ஒன்றுதான். ஆரம்ப முனையைத் துளையில் நுழைத்தீர்களே, அதுவே முதல் சுற்று. அதை விட்டுவிட்டு, மடக்கியதிலிருந்து எண்ணுகிறவர்தான் 32 என்று நினைத்து 33 போட்டுவிடுகிறார். வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள். உள்பக்கத்தில் கிடக்கும் கம்பிகளை மட்டும் எண்ணுங்கள்.

நம்பிக்கை வரவில்லையா? தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருக்கும். ஒற்றை வயரை அதன் தாடைக்குள் நேராக விட்டு ஆம்பியர் பாருங்கள். அதே வயரை மூன்று தடவை தாடைக்குள் வருமாறு வளைத்துவிட்டு மறுபடி பாருங்கள். காட்டும் எண் மூன்று மடங்காகும். டாங் டெஸ்டரும் ஒரு டொராய்டுதான், வாயைத் திறக்கத் தெரிந்த டொராய்டு. சின்னக் கரண்டை அளக்க எலக்ட்ரீஷியன்கள் வயரைச் சுற்றிவிட்டு வகுத்துக்கொள்வது இதனால்தான்.

கேள்வி: வலமாகச் சுற்ற வேண்டுமா, இடமாகவா?
— திருவாரூர்

பதில்: ஒற்றைக் காயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரதட்சிணமாகத்தான் சுற்றுவேன் என்றால் வளையம் ஆட்சேபிக்காது. ஒரே வளையத்தில் இரண்டு காயில் என்றால் மட்டும் திசை முக்கியம். படத்தில் புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளியை அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்கக் கட்டுரையைப் பார்த்து 28 கேஜ் கம்பி வாங்கினேன். கடைசிச் சுற்றுகளுக்குத் துளையில் இடமே இல்லை. வளையம் போலியா?
— ஹாம் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், மதுரை

பதில்: வளையம் நல்ல வளையம்தான். கேஜ்தான் இரண்டு. அமெரிக்காவின் ஏ.டபிள்யூ.ஜி. 28 என்றால் 0.32 மில்லிமீட்டர். நம் ஊர் வைண்டிங் கடையில் 28 என்று கேட்டால் பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 0.376 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை. அமெரிக்க 28-க்கு நம் 30 கேஜ்தான் ஏறக்குறைய ஜோடி. பிரிட்டிஷ்காரன் போய் இத்தனை வருஷமாகியும் அவனுடைய கேஜ் போகவில்லை. மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவது உத்தமம்.

நீளத்தையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். டி50 என்பதில் உள்ள 50, அங்குலத்தில் நூறில் ஐம்பது, அதாவது வெளிவிட்டம் 12.7 மில்லிமீட்டர். உள்விட்டம் 7.7, உயரம் 4.8. இந்த உடம்பை ஒரு தடவை சுற்றிவரக் கம்பிக்கு 15, 16 மில்லிமீட்டர் பிடிக்கும். 32 சுற்றுக்கு அரை மீட்டர். இரு முனைக்கும் ஐந்தைந்து சென்டிமீட்டர் விட்டு 60 சென்டிமீட்டராக வெட்டுங்கள். 31-வது சுற்றில் கம்பி தீர்ந்துபோகிற கொடுமையை எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

வளையத்தை முழுவதும் மூடிவிடாதீர்கள். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே வட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இரு முனையும் தோளோடு தோள் உரசினால் வேண்டாத கெப்பாசிட்டன்ஸ் கூடும். மீதி இடத்தில் சுற்றுகளைச் சமமாகப் பரப்புங்கள். கடைசியில் நெருக்கினால் இண்டக்டன்ஸ் கொஞ்சம் ஏறும், விரித்தால் இறங்கும். இந்த நெளிவுசுளிவு சிவப்பு, மஞ்சள் போன்ற இரும்புத்தூள் வளையங்களில் நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து மஞ்சள் வளையம் கழற்றினேன். கட்டுரையில் சொன்ன டி50-6-ம் மஞ்சள்தான். ஓசியில் முடிந்தது அல்லவா?
— பி.இ. மூன்றாம் ஆண்டு, திருச்சி

பதில்: ஓசியில் கிடைத்தது வாஸ்தவம், முடியவில்லை. கழற்றிய வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முகம் வெள்ளையாக இருந்தால் அது 26 என்ற ரகம். பவர் சப்ளையின் டிசி வெளியீட்டில் அலையைச் சமன்படுத்தப் போடும் சோக்குக்கானது. அதன் பெர்மியபிலிட்டி 75. நீங்கள் தேடும் 6-ம் ரகத்துக்கு வெறும் 8.5. ரேடியோ அதிர்வெண்ணில் 26-ஐப் போட்டால் சிக்னலைக் குடித்துவிட்டுச் சூடாக உட்கார்ந்திருக்கும். கோர் உலகிலும் நிறத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசக் கூடாது.

நிறமே இல்லாமல் கருப்பாக ஒரு வளையம் கிடைத்தால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். 30 சுற்று போட்டு எல்சி மீட்டரில் அளந்து பாருங்கள். டி50 அளவு வளையமானால், 2-ம் ரகத்தில் சுமார் 4.4 மைக்ரோஹென்றி காட்டும். 26-ம் ரகத்தில் 30-ஐ ஒட்டி வரும். 43 என்ற ஃபெரைட்டாக இருந்தால் எடுத்த எடுப்பில் 400-ஐ ஒட்டிப் போகும். மூன்றுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால் மீட்டர் கொஞ்சம் பொய் சொன்னாலும் ஜாதகம் தெரிந்துவிடும். வந்த எண்ணை 900-ஆல், அதாவது 30-ன் வர்க்கத்தால் வகுத்தால் அந்த வளையத்தின் ஏ.எல்., அதாவது சுற்றின் வர்க்கத்துக்கு இண்டக்டன்ஸ் எவ்வளவு என்ற எண், கிடைக்கும். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வளையத்தோடு கவரில் போட்டுவிடுங்கள். பெயர் தெரியாத வளையம் டப்பாவில் எத்தனை கிடந்தாலும் குப்பைதான், ஏ.எல். தெரிந்த ஒன்று போதும்.

கண் பழகினால் இன்னொரு வழியும் உண்டு. பச்சைப் பூச்சோடு வரும் பெரிய வளையம், ஒரே அளவில் இரண்டு காயில் எதிரெதிரே சுற்றியிருந்தால், மின் இரைச்சலைத் தடுக்கும் சோக். பெர்மியபிலிட்டி ஆயிரக்கணக்கில். ரேடியோவின் டியூனிங்குக்கு ஆகாது. கீழே சொல்லப்போகும் திருட்டு வேலைக்கு அருமையாக ஆகும்.

கேள்வி: முதன்முதலாகச் சுற்றிப் பழக, செலவில்லாமல் ஒன்று சொல்லுங்கள், சார்.
— பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: ஜூல் தீஃப். ஜூல் என்பது ஆற்றலின் அலகு. அதைத் திருடுகிற சர்க்யூட். சுவர்க் கடிகாரம் கைவிட்ட பென்சில் பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும், ஆனால் ஒரு வோல்ட்கூடத் தேறாது. வெள்ளை எல்.இ.டி.க்கோ மூன்று வோல்ட் அளவுக்கு வேண்டும். இந்த ஏழைக்கும் அந்த ஜமீனுக்கும் நடுவே தரகு பார்ப்பது ஒரு ஃபெரைட் வளையம்.

வேண்டியவை ஒரு வளையம், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து, ஒரே கையோட்டத்தில் 20 சுற்று போடுங்கள். நிறம் வேறு வேறாக இருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் மல்டிமீட்டரில் எந்த முனை எந்த முனையோடு பேசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கம்பியின் முடிவையும் இரண்டாவதன் ஆரம்பத்தையும் முறுக்கி பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். மிஞ்சிய இரு முனைகளில் ஒன்று ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு, மற்றது நேராக கலெக்டருக்கு. எமிட்டர் மைனஸுக்கு. எல்.இ.டி.யின் பிளஸ் கால் கலெக்டரில், மைனஸ் கால் எமிட்டரில்.

இப்போது உள்ளே நடப்பது இது. ஒரு காயிலில் கரண்ட் ஏற ஏற, மற்றது பேஸைத் தூண்டிவிட்டு இன்னும் ஏறச் செய்யும். ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டருக்கு அதற்கு மேல் இழுக்கத் தெம்பில்லை. தூண்டுதல் நின்று, அது சட்டென்று அணையும். ஓடிக்கொண்டிருந்த கரண்டைக் காயில் நிற்க விடாது; வேறு வழியில்லாமல் வோல்டேஜ் எகிறி எல்.இ.டி. வழியாகப் பாயும். இது நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடப்பதால் கண்ணுக்கு விடாமல் எரிவதாகத் தெரியும்.

எரியவில்லையா? டிரான்சிஸ்டரைத் திட்டுவதற்கு முன் ஏதாவது ஒரு காயிலின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. திருவாரூர் வாசகருக்குச் சொன்ன புள்ளி விவகாரம்.

செத்த சி.எஃப்.எல். பல்பின் அடிப்பகுதியிலும் விரல்நுனி அளவு வளையம் இருக்கும். ஆனால் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடாதம்மா, உள்ளே பாதரசம். அதே போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் பல்பைக் கழற்றிய பிறகும் சார்ஜை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அனுபவமுள்ள யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மோட்டார் ரீவைண்டிங் கடையில் மிஞ்சிய கம்பியைத் தந்தார்கள். அழகாகச் சுற்றினேன், பளபளவென்று ஈயம் வைத்தேன். சர்க்யூட் மட்டும் அசையவே இல்லை.
— கோயம்புத்தூர்

பதில்: பம்ப்செட் ஊரில் கம்பிக்குப் பஞ்சமா? ஆனால் அந்தக் கம்பி மோட்டாருக்குள் வெந்து கிடப்பதற்கென்றே செய்தது. அதன் எனாமல் 180, 200 டிகிரி வெப்பத்தைத் தாங்குகிற ஜாதி. உங்கள் சால்டரிங் அயர்ன் அதைப் பார்த்துச் சிரிக்கும். ஈயம் எனாமலின் மேல் உருண்டு, பிடித்ததுபோல் நடிக்கும். உள்ளே செம்பைத் தொட்டே இருக்காது.

பாலியூரிதேன் பூசிய கம்பி வேறு ரகம். 400 டிகிரி அளவுக்குச் சூடேறிய அயர்னில் ஈயக் குமிழ் ஒன்றை வைத்து அதற்குள் முனையைச் சில நொடி பிடித்தால் பூச்சு கரைந்து ஓடிவிடும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவையுங்கள். மோட்டார் கம்பிக்கு பிளேடும் உப்புக் காகிதமும்தான் கதி. வளையத்தின் ஓரம் வரை, முனையைத் திருப்பித் திருப்பி, நாலு பக்கமும் ரோஜா நிறச் செம்பு தெரியும் வரை சுரண்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு விடுவதுதான் வழக்கமான சோம்பேறித்தனம். லைட்டரில் எரித்துவிட்டுத் துடைக்காமல் விட்டால் செம்பு கறுத்துப்போய் ஈயம் ஒட்டாது. முனைகளில் ஈயம் ஏற்றியதும், போர்டில் வைக்கும் முன்பே, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரு முனையையும் தொடுங்கள். பீப் கேட்கவில்லை என்றால் பிளேடைக் கையிலெடுங்கள். கையால் சுற்றிய காயில் ‘வேலை செய்யவில்லை’ என்று எனக்கு வரும் புகார்களில் சுற்றியது தப்பாக இருப்பது அபூர்வம். எண்ணியது தப்பாக இருக்கும், அல்லது சுரண்டாமல் விட்டிருப்பார்கள்.

கேள்வி: இதெல்லாம் பெண்களுக்குச் சரிப்படுகிற வேலையா?
— பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம்

பதில்: பெயரை மறைத்தது புத்திசாலித்தனம். மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ விண்கலத்தில் இருந்த கம்ப்யூட்டரின் நிரல், ‘கோர் ரோப்’ என்ற நினைவகத்தில் இருந்தது. காந்த வளையத்துக்குள் கம்பி புகுந்தால் 1, ஒதுங்கிப் போனால் 0. அப்படி 36,864 சொற்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில், ரேதியான் ஆலையில், பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஊசியில் கம்பியைக் கோத்து வளையங்களின் வழியே கடத்திக் கடத்தி அதைப் பின்னினார்கள். நெசவாலையிலும் கடிகாரத் தொழிலிலும் பழகிய கைகள். ஒரு கம்பி இடம் மாறினால் நிரலே தப்பு. பின்னி முடித்த பிறகு திருத்துவதும் லேசில்லை. நீங்கள் 32 சுற்று எண்ணிக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

கேள்வி: வளையம் கைதவறி விழுந்து இரண்டாகிவிட்டது. ஒட்டலாமா?
— நாகர்கோவில்

பதில்: ஃபெரைட் என்பது சுட்ட பீங்கான் ஜாதி, விழுந்தால் உடையத்தான் செய்யும். சூப்பர் குளூ வைத்து ஒட்டலாம். ஒட்டிய இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இண்டக்டன்ஸ் கணிசமாக இறங்கும். தேனி மாணவியின் சர்க்யூட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: உலகத்தில் முதலில் வளையத்தில் காயில் சுற்றிய புண்ணியவான் யார்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: வரலாறு நினைவில் வைத்திருப்பவர் மைக்கேல் ஃபாரடே, ஐயா. 1831 ஆகஸ்ட் 29, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். ஆறு அங்குல விட்டமுள்ள தேனிரும்பு வளையம். ஒரு பாதியில் தலா 24 அடியில் மூன்று கம்பிகள், மறுபாதியில் மொத்தம் 60 அடி. ஒரு பக்கத்தை பேட்டரியில் சேர்த்த கணத்திலும் பிரித்த கணத்திலும் மறுபக்கத்து ஊசி துள்ளியது. நடுவில் சும்மா இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் பிறப்பு அதுதான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவரிடம் எனாமல் கம்பி கிடையாது. வெறும் செம்புக் கம்பி ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் நடுநடுவே சணல் இழையும், அடுக்குக்கு அடுக்கு காலிகோ துணியும் வைத்து 130 அடிக்கு மேல் சுற்றினார். கோவைக்காரர் எனாமலைச் சுரண்ட அலுத்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபையருக்கு டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி நடுவே போல்ட் போட்டுப் பெட்டியில் இறுக்கினேன். மேல்மூடியை மாட்டியதும் உறுமல், சூடு, பிறகு ஃப்யூஸ் போச்சு. மூடியைக் கழற்றினால் சாது.
— சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர், ஈரோடு

பதில்: போல்ட் நீளம் அதிகம். அதன் தலை பெட்டியின் அடித்தகட்டில், நுனி மேல்மூடியில் இடிக்கிறது. துளைக்குள் நேராகப் போனாலும் ஒரு சுற்று என்றேனே, உங்கள் போல்ட்தான் அந்தச் சுற்று. அடித்தகடு, பக்கத்தகடு, மூடி எல்லாம் சேர்ந்து அதை ஷார்ட் செய்துவிட்டன. வோல்டேஜ் அற்பம்தான், ஆனால் தடையே இல்லாததால் கரண்ட் கொள்ளை கொள்ளையாக ஓடும். போல்ட்டைக் குட்டையாக்குங்கள், எந்தக் காலத்திலும் இரு முனையும் பெட்டியைத் தொடக் கூடாது. 230 வோல்ட் பக்கத்தை வீட்டில் பிரித்துச் சுற்றும் ஆசை இருந்தால் அதையும் போல்ட்டோடு சேர்த்து வெட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஃபெரைட்டும் இல்லை, ஒரு ரைட்டும் இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்கு வர பஸ்ஸுக்கே பாதி நாள்.
— முதுகுளத்தூர்

பதில்: ஹார்டுவேர் கடை இருக்கிறதல்லவா? ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20 என்ற ஹாம் டிரான்ஸீவர் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. கைக்குக் கிடைக்கிற சாமானை வைத்தே செய்யலாம் என்பதுதான் அதன் மகிமை. அதில் காயில் சுற்ற அவர் பயன்படுத்தியது தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷர். நைலானுக்குக் காந்தம் தெரியாது. அதனால் சுற்று இரண்டு மூன்று மடங்கு கூடப் போடத்தான் வேண்டும். பதிலுக்கு, சூடேறினால் குணம் மாறுகிற கோர் தொல்லை இல்லை. காந்தப்புலம் வளையத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிற டொராய்டின் நல்ல குணமும் பெருமளவு அப்படியே இருக்கும். பிளம்பருக்கு மட்டும் காரணத்தை விளக்கப் போகாதீர்கள்.

கேள்வி: காயில் சுற்ற லைசென்ஸ் வேண்டுமா?
— கரூர்

பதில்: சுற்ற வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஹாமாகச் சிக்னல் அனுப்பத்தான் தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும்.

கேள்வி: சுற்றிய கம்பி நகராமல் இருக்க எதைப் பூசலாம்? ஃபெவிக்விக்கா, ஹாட் குளூவா?
— புதுச்சேரி

பதில்: பார்சலில் வந்த தெர்மகோலைக் கிள்ளி, பெயின்ட் கடைத் தின்னரில் போட்டுக் கரையுங்கள். தேன் பதத்தில் ஒரு பசை வரும். குச்சியால் தொட்டு இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் போதும். பாலிஸ்டைரீன் ரேடியோ சிக்னலைத் தின்னாது. அடுப்புப் பக்கம் மட்டும் இந்த வேலை வேண்டாம். பூசும் முன் சரியான அளவு வந்ததா என்று பார்த்துவிடுங்கள். பிறகு நெருக்கவோ விரிக்கவோ முடியாது.

கேள்வி: பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்து கணக்கு விட்டுப்போனால்?
— திண்டுக்கல்

பதில்: அதே போனில் வளையத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து, பெரிதாக்கி, உள்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கூப்பிட்டவர் கடன் கொடுத்தவராக இருந்தால் இரண்டு தடவை எண்ணுங்கள்.